டிசம்பரில் ‘டெஃபர்’ ஆன பிள்ளை: ஜனவரி 1க்குள் என்ன செய்வது?

எடிசன் அம்மா | 14 டிசம்பர் 2024, காலை 5:40

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பாஸ்டன் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்கு ஏர்லி டெசிஷனில் (முன்கூட்டியே விண்ணப்பித்து, கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய சுற்று) போட்டிருந்தான். பெயர் வேண்டாமே. வானிலை படிக்க வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே அவன் ஆசை. நேற்று மாலை 7 மணிக்கு முடிவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். தனியாகத்தான் பார்ப்பேன் என்று மாடிக்குப் போய்விட்டான். நான் பால் பாயசம் வைத்து, தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தான். முழுதாக இறங்கவில்லை. கீழிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டு “டெஃபர்மா” என்றான். கிடைத்ததா இல்லையாடா என்று கேட்டேன். “ரெண்டும் இல்ல” என்றான்.

இன்னும் ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் பாக்கி. கடைசி நாள் ஜனவரி 1இலிருந்து 5க்குள். ஒரு எஸ்ஸேயும் முடிக்கவில்லை, ஏர்லியில் கிடைத்துவிடும் என்று எல்லோருமே நம்பிவிட்டோம். எங்கள் நியூ ஜெர்சி மாநிலப் பல்கலையான ரட்கர்ஸுக்கு மட்டும் நவம்பர் 1க்குள் ஏர்லி ஆக்‌ஷனில் (முன்கூட்டியே போடுவது, சேரும் கட்டாயம் இல்லை) போட்டாயிற்று. இவர் சொல்கிறார், உடனே வேறொரு கல்லூரிக்கு இ.டி.2, அதாவது ஏர்லி டெசிஷன் இரண்டாவது சுற்றில், போட்டுவிடலாம், சும்மா காத்திருக்கக் கூடாது என்று. பையன் வாயே திறக்கவில்லை. நாற்காலியில் மாட்டியிருந்த அந்தக் கல்லூரி ஸ்வெட்ஷர்ட்டை எடுத்துத் துவைக்கப் போடும் கூடையில் அடியில் வைத்துவிட்டான், மேலே மற்ற துணியெல்லாம் போட்டு.

முடிவைத் தள்ளிவைக்கும் இந்த டெஃபரை உண்மையில் எவ்வளவு நம்பலாம்? இ.டி.2 சரியா? ஊரில் மாமனார் இன்று இரவு போன் செய்வார், அவரிடம் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரர் | 14 டிசம்பர், காலை 8:15

மனசை விட்டுறாதீங்க சகோதரி. என் பையனுக்கும் மூணு வருசத்துக்கு முன்னால இதேதானுங்க. டிசம்பர்ல டெஃபர், மார்ச்ல உள்ள. நாங்க சும்மா இருக்கலைங்க. உடனே லெட்டர் போட்டோம், அவன் வேலை செஞ்ச லேப் ப்ரொபசர்கிட்ட இன்னொரு சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்பினோம், அந்தக் காலேஜ்ல படிச்ச தெரிஞ்சவர் ஒருத்தரையும் எழுதச் சொன்னோம். கேக்கறவங்களுக்குத்தான் கெடைக்கும். இன்னிக்கே ஆரம்பிங்க.

கவுன்சிலர் அக்கா | 14 டிசம்பர், காலை 10:02

எடிசன் அம்மா, நான் நியூயார்க்கில் ஒரு அரசுப் பள்ளியில் நிறைய வருடங்கள் கல்லூரி ஆலோசகராக இருந்தவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், அந்தக் கல்லூரிக்கு மெயில் வேண்டாம். முடிவு வந்த இரவு எழுதும் கடிதத்தில் வருத்தம்தான் இருக்கும். புதுச் செய்தி ஒன்றும் இருக்காது, ஏனென்றால் நவம்பர் 1க்குப் பிறகு ஆறு வாரம்தான் ஆகியிருக்கிறது.

டெஃபர் என்றால் அவன் விண்ணப்பம் ரெகுலர் என்னும் வழக்கமான சுற்றின் குவியலுக்குப் போகிறது, ஜனவரியில் வருகிறவற்றோடு மறுபடி படிப்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பல காரணம். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தத் துறைக்கு எத்தனை பேர், எந்த மாநிலத்திலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு மார்ச்சில்தான் தெளியும். சில சமயம் ‘இல்லை’ என்று சொல்ல மனமில்லாமலும் செய்கிறார்கள். எந்தக் காரணம் உங்கள் பையனுக்கு என்று வெளியே இருக்கும் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வார்த்தை ஒன்றுதான், ஆனால் அதன் கனம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஸ்டான்ஃபோர்ட் பெரும்பாலோருக்கு ஏர்லியிலேயே முடிவு சொல்லிவிடும், டெஃபர் செய்வது கொஞ்சம் பேரைத்தான். ஜார்ஜ்டவுனில் ஏர்லியில் நிராகரிப்பே கிடையாது என்பது வழக்கம், எடுக்காத அத்தனை பேரும் டெஃபர். எம்.ஐ.டி. சேர்ப்பதைவிடப் பல மடங்கு பேரை டெஃபர் செய்யும். ஆகவே உங்கள் பையன் கல்லூரி எந்த ரகம் என்று பள்ளிக் கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்தக் கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் யார் யார் போனார்கள், யாருக்கு டெஃபர் ஆகிப் பிறகு என்ன நடந்தது என்ற கணக்கு அவரிடம் இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் இதில் உண்டு. ஏர்லி டெசிஷனில் நீங்கள், பையன், கவுன்சிலர் மூவரும் போட்ட கையெழுத்து இப்போது கட்டுப்படுத்தாது. டெஃபர் ஆனதும் அந்த ஒப்பந்தம் முடிந்தது. மார்ச்சில் அங்கேயே கிடைத்தாலும் வேறு கல்லூரி தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

இ.டி.2 பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

ஸ்கார்பரோ அண்ணை | 14 டிசம்பர், பகல் 12:30

தங்கச்சி, மாமனாருக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் என்ர அனுபவத்தில சொல்லுறன். பொய் சொல்ல வேண்டாம். “இன்னும் முடிவு வரேல்ல, மார்ச் கடைசியில தெரியும்” எண்டு சொன்னா அது முழு உண்மை. நாங்கள் முந்தி ஒருக்கா “கிடைக்கும் போல இருக்கு” எண்டு ஊரில சொல்லிப்போட்டு, பிறகு பிள்ளை ஒவ்வொரு போன் அழைப்புக்கும் அறைக்குள்ள போய் ஒளிஞ்சு கொண்டவள்.

ரொறொன்ரோ, வாட்டர்லூ பக்கமும் ஒருக்காப் பாருங்கோ. பல துறையளுக்குக் கடைசி நாள் ஜனவரியிலதான், இன்னும் நேரம் கிடக்கு.

கவுன்சிலர் அக்கா | 15 டிசம்பர், மாலை 4:20

சொன்னபடி இ.டி.2.

டஃப்ட்ஸ், எமரி, வாண்டர்பில்ட், என்.ஒய்.யூ. மாதிரிப் பல இடங்களில் இரண்டாவது சுற்று ஏர்லி டெசிஷன் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் கடைசி நாள், பிப்ரவரி நடுவில் முடிவு. இதற்கும் அதே கட்டுப்பாடு. அங்கே கிடைத்துவிட்டால் மற்ற எல்லா விண்ணப்பத்தையும், டெஃபர் ஆன இந்தக் கல்லூரியையும் சேர்த்து, திரும்பப் பெற வேண்டும். மார்ச்சில் இங்கே என்ன சொல்லியிருப்பார்கள் என்று கடைசி வரை தெரியாது.

இதில் பெற்றோர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. டெஃபர் ஆன கல்லூரிக்கு எழுதும் கடிதத்தில் பிள்ளைகள் வழக்கமாக ஒரு வரி எழுதுவார்கள்: “சேர்த்துக்கொண்டால் கட்டாயம் வருவேன்.” வேறிடத்தில் இ.டி.2 போட்டவன் அந்த வரியை எழுத முடியாது. எழுதினால் அது பொய். நான் பார்த்திருக்கிறேன், வீட்டில் சொல்லி இரண்டையும் செய்ய வைப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளையை முதல் பெரிய காரியத்திலேயே இரண்டு இடத்தில் சத்தியம் செய்யச் சொல்வது எனக்குப் பொறுக்காது.

ஆகவே கேள்வி ஒன்றுதான். முதல் கல்லூரியில் கிடைக்கவே போவதில்லை என்று வைத்துக்கொண்டால், இந்த இ.டி.2 கல்லூரிக்கு அவன் சந்தோஷமாகப் போவானா? அதன் இணையதளத்தில் செலவுக் கணக்கி இருக்கும். அதில் உங்கள் வருமானத்தைப் போட்டால் வரும் தொகையைக் கட்ட முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தாராளமாகப் போடுங்கள். பயத்தில் போடுவதாக இருந்தால் வேண்டாம்.

பர்டூ பையன் | 15 டிசம்பர், இரவு 11:48

ஆன்ட்டி, நான் ஸ்டூடன்ட். தமிழ்ப் பள்ளியில கத்துக்கிட்டதுதான், தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. அம்மா இந்த இழையை அனுப்பி, நீ எழுதுடான்னு சொன்னாங்க.

2022 டிசம்பர்ல எம்.ஐ.டி.ல நான் டெஃபர். அதுக்கப்புறம் எனக்கு எது கஷ்டமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். டெஃபர் இல்ல. அப்பா தினமும் சாப்பிடும்போது “ஏதாவது மெயில் வந்துச்சா”ன்னு கேட்டது. அவர் அன்பாத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் “இல்லப்பா”ன்னு சொல்லணும். மூணு மாசம் தினமும் ரிஜெக்ட் ஆன மாதிரி இருந்துச்சு.

ஸ்கூல்லயும் யாரும் எதுவும் சொல்லல, ஆனா ஒரு நாள் லஞ்ச்ல நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்னுடுச்சு. ஏர்லில கிடைச்ச ரெண்டு பேர் அங்க இருந்தாங்க. அவங்களும் பாவம், என்னால சந்தோஷத்தைக் காட்ட முடியல அவங்களுக்கு.

அம்மா வேற மாதிரி பண்ணாங்க. சனிக்கிழமை காய் வாங்கப் போறப்ப என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. காலேஜ் பத்திப் பேச்சே வராது. வெண்டைக்காய் நுனி உடைச்சுப் பாத்து எடுக்கச் சொல்வாங்க. கார்ல திரும்பி வரும்போது மூணாவது வாரமோ என்னமோ, நானே பேச ஆரம்பிச்சேன்.

எம்.ஐ.டி.ல டெஃபர் ஆனவங்களுக்குன்னே ஒரு ஃபார்ம் உண்டு, பிப்ரவரி அப்டேட்ஸ் அண்ட் நோட்ஸ்னு பேர். அரையாண்டு மார்க்கும், புதுசா என்ன பண்ணோம்னும் அதுலயே எழுதணும். அதனால தனியா லெட்டர் எழுதலாமா வேண்டாமான்னு குழப்பம் இல்ல. மார்ச் 14 மாலை 6:28க்கு ரிசல்ட். எனக்கு இல்ல. அன்னிக்கு அழுதேன், ஆனா டிசம்பர் அளவுக்கு இல்ல, ஏன்னா அதுக்குள்ள பர்டூ யுனிவர்சிட்டில இடம் வந்துடுச்சு, எனக்கு அங்க போற ஆசையும் வந்துடுச்சு. ஜனவரில மத்த எஸ்ஸே எல்லாம் ஒழுங்கா எழுதினதுனாலதான் அது வந்துச்சு.

அவன் ஸ்வெட்ஷர்ட் கூடைல போட்டதைப் பத்திக் கேக்காதீங்க ஆன்ட்டி. துவைச்சு மடிச்சு அலமாரில வெச்சிடுங்க, போதும்.

எடிசன் அம்மா | 16 டிசம்பர், காலை 6:10

தம்பி, உன் பதிவை இவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, “நானும் தினமும் கேட்டிருப்பேன்” என்றார். நன்றி கண்ணா. உன் தமிழில் தப்பே இல்லை.

இன்று மார்கழி முதல் நாள். வாசலில் கோலம் போட முடியாத குளிர், வரவேற்பறையில் விளக்கு ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

அக்கா, இ.டி.2 பற்றி அவனிடமே கேட்டோம், நீங்கள் சொன்ன அதே கேள்வியை. “எனக்கு வேற எதுவும் அந்த அளவுக்குப் பிடிக்கலமா, போட வேண்டாம்” என்றான். இவருக்கு ஒப்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

பொள்ளாச்சிக்காரர் | 16 டிசம்பர், காலை 9:30

தப்பா நெனைக்காதீங்க. இ.டி.2 வேண்டாம்னு பையன் சொன்னான், நாமளும் விட்டோம்னு இருக்கக் கூடாதுங்க. பதினேழு வயசுல அவனுக்கு என்ன தெரியும்? ரெகுலர்ல எடத்துக்கு அடிதடி. ஏர்லி சுத்துல போட்டா வாய்ப்பு கூடுதல்னு எல்லாருக்கும் தெரியும். நான் என் பையனுக்காக ஓடினேன், அதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. நாம இந்த நாட்டுக்கு வந்ததே இதுக்குத்தானே.

கவுன்சிலர் அக்கா | 16 டிசம்பர், இரவு 8:45

பொள்ளாச்சி அண்ணா, நீங்கள் ஓடியதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் பையனுக்குக் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த இரண்டு கூடுதல் கடிதத்தால்தான் கிடைத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அரையாண்டு மதிப்பெண் என்ன வந்தது அவனுக்கு?

பொள்ளாச்சிக்காரர் | 16 டிசம்பர், இரவு 9:20

எல்லாத்துலயும் ஏ. கால்குலஸ்ல முந்தி பி இருந்துச்சு, அதுவும் ஏ ஆச்சுங்க.

கவுன்சிலர் அக்கா | 16 டிசம்பர், இரவு 10:05

அதைத்தான் கேட்டேன். பள்ளியிலிருந்து போகும் அரையாண்டு அறிக்கைதான் டெஃபர் ஆன கோப்பில் புதிதாகச் சேரும் மிகப் பெரிய காகிதம். ஜனவரியில் பிள்ளைகள் மனம் தளர்ந்து படிப்பை விட்டால் மார்ச்சில் அது தெரியும். கூடுதல் சிபாரிசு ஒன்று அனுப்பலாமா என்றால், அந்தக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அனுப்பவே கூடாது. முடிவு வந்த கடிதத்திலோ போர்ட்டலிலோ டெஃபர் ஆனவர்களுக்கான குறிப்பு இருக்கும். சிலர் போர்ட்டலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், சிலர் ஒரே ஒரு கடிதம் போதும் என்பார்கள், சிலர் எதுவுமே வேண்டாம் என்பார்கள். அந்தக் குறிப்பு சொன்னபடி செய்வதுதான் மரியாதை. தெரிந்தவர் கடிதம், பெரிய மனிதர் கடிதம் எல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை. பையனை நேரில் தெரியாதவர் எழுதினால் அதில் என்ன இருக்கும்?

வாய்ப்புக் கூடுதல் என்பதிலும் ஒரு விஷயம். ஏர்லியில் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த விகிதம் உயர்ந்து தெரிகிறது. ஹார்வர்டே 2006இல் ஏர்லியை நிறுத்துவதாக அறிவித்தது, வசதியான பிள்ளைகளுக்கே அது சாதகம் என்று. 2011இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அது கிடக்கட்டும்.

எடிசன் அம்மா, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நவம்பர் 1க்குப் பிறகு அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? போட்டி, பரிசு எல்லாம் வேண்டாம். சும்மா சொல்லுங்கள்.

எடிசன் அம்மா | 17 டிசம்பர், காலை 7:25

பரிசு எதுவும் இல்லை அக்கா. பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான். காலையில் 7 மணிக்கு மழை அளப்பான்.

அதை விவரமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பின்பக்கத்துப் புல்வெளியில் ஒரு மரக்கம்பத்தில் பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு மழைமானி பொருத்தியிருக்கிறான். நாலு அங்குல அகலம் இருக்கும். கோகோராஸ் என்று தன்னார்வலர்கள் மழை அளக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம், நாடு முழுக்க ஆட்கள் அவரவர் வீட்டில் அளந்து அனுப்புகிறார்கள். இவன் மூன்று வருடமாக அனுப்புகிறான். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்து, பூஜ்யம் என்று பதிய வேண்டுமாம். “பூஜ்யமும் அளவுதாம்மா, சும்மா விட்டா பெய்ஞ்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது” என்பான்.

இந்த அக்டோபரில் எங்கள் பக்கம் மழையே இல்லை, நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாதம் முழுக்க பூஜ்யம் பூஜ்யமாகவே அனுப்பினான். நவம்பரில் காட்டுத்தீ, புகை வாடை வீட்டுக்குள் வந்தது. மாநிலம் வறட்சி எச்சரிக்கை விட்டது நவம்பர் 13. அதற்குள் கல்லூரி விண்ணப்பம் போய்விட்டது. பிறகு 20, 21 தேதியில்தான் மழை வந்தது. அன்று பள்ளிக்குப் போகும் முன் ரெயின்கோட்டோடு போய் நின்று அளந்துவிட்டு வந்தான், கை விறைத்துப்போய். முகம் அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்துத் தெருவில் கிணறு வைத்திருக்கும் ஒரு வயதானவர் வீட்டில் வாரம் ஒருமுறை நீர்மட்டமும் குறித்துக்கொண்டு வருகிறான் நவம்பரிலிருந்து. எதற்கு என்று நான் கேட்டதில்லை.

கவுன்சிலர் அக்கா | 17 டிசம்பர், காலை 9:00

அம்மா, இது அவன் விண்ணப்பத்தில் இருந்ததா?

எடிசன் அம்மா | 17 டிசம்பர், மாலை 6:40

கேட்டேன். செயல்பாடுகள் பட்டியலில் ஒரு வரி இருந்ததாம். பெரிய எஸ்ஸே, பாட்டி ஊரில் கழித்த கோடை விடுமுறை பற்றி. நாங்கள் அமர்த்திய ஆலோசகர் ஒருவர், மழைமானி சின்ன விஷயம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அவருக்கு நாங்கள் கொடுத்த பணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவுன்சிலர் அக்கா | 17 டிசம்பர், இரவு 9:15

சரி. இப்போது செய்ய வேண்டிய வரிசை. பாக்கி ஆறு விண்ணப்பம் முதலில். அவை ஜனவரி 1இல் முடியும் வரை இந்தக் கல்லூரிப் பேச்சே வீட்டில் வேண்டாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும். கடிதம் ஜனவரி மூன்றாம் வாரம். கல்லூரியின் குறிப்பு வேறு தேதி சொன்னால் அந்தத் தேதி.

கடிதத்தை அவனே எழுத வேண்டும், அவன் மெயிலிலிருந்தே போக வேண்டும். ஒரு பக்கம், முந்நூறு நானூறு வார்த்தைக்கு மேல் வேண்டாம். முதலில் இன்னமும் அங்கேதான் வர விருப்பம் என்று நேராகச் சொல்லட்டும். இ.டி.2 போடாததால் “கிடைத்தால் வருவேன்” என்று எழுதும் உரிமை அவனுக்கு இருக்கிறது, உதவித்தொகைக் கணக்கை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு எழுதட்டும். அதன் பிறகு நவம்பர் 1க்குப் பின் நடந்தது. கிணறு, மழை, புகை. பிறகு அந்தக் கல்லூரியில் இதை எங்கே கொண்டு போவான் என்பது. யார் வகுப்பு, எந்த ஆய்வுக்கூடம், பெயர் சொல்லி. அவ்வளவுதான். ஏன் டெஃபர் செய்தீர்கள் என்று கேட்கக் கூடாது. பள்ளிக் கவுன்சிலரிடம் அரையாண்டு அறிக்கை எப்போது போகும் என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அவர் அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் நல்லது. நீங்கள் செய்ய வேண்டாம்.

எச்4 அப்பா | 18 டிசம்பர், இரவு 10:30

எல்லோருக்கும் பொதுவாக ஒரு விஷயம் சேர்க்கிறேன். நாங்கள் எச்1பி வேலை விசா, மகள் எங்களைச் சார்ந்த எச்4 விசா. பிறந்தது சென்னை, மூன்று வயதிலிருந்து இங்கே. க்ரீன் கார்டு வரிசை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல தனியார் கல்லூரிகள் இவளை வெளிநாட்டு மாணவியாகவே பார்க்கும். அரசு உதவித்தொகைப் படிவமான ஃபாஃப்ஸா எங்களுக்குக் கிடையாது. உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர் என்றால் பணத்தையும் பார்த்துத்தான் பல இடத்தில் முடிவு செய்கிறார்கள். எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள்தான் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணத்தைப் பார்க்காமல் இடம் தருகின்றன.

இவளுக்கும் இந்த வாரம் டெஃபர். “நான் என்ன தப்பு பண்ணேன்பா” என்று கேட்டாள். அவள் தப்பு எதுவும் இல்லை, நம் விசா பேப்பர்தான் காரணமாக இருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. சொன்னேன். சொன்ன பிறகு அவள் கொஞ்சம் தேறியது போலத்தான் தெரிந்தது. எங்கள் நிலையில் இருப்பவர்கள், உங்கள் மாநிலப் பல்கலையில் எச்4 பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் (மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) உண்டா என்று முதலில் பாருங்கள். பல மாநிலங்களில் உண்டு. 21 வயதில் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

பிளேனோ அப்பா | 16 ஜனவரி 2025, காலை 7:50

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் வீட்டுக்கும் டெஃபர் வந்தது. டெக்சஸ் பல்கலை, ஆஸ்டின். இந்த வருடம்தான் அங்கே ஏர்லி ஆக்‌ஷன் ஆரம்பித்தார்கள். அக்டோபர் 15க்குள் போட்டால் ஜனவரி 15க்குள் முடிவு என்று. வந்த முடிவு, பிப்ரவரி 15 வரை பொறு என்பது. 2025 சேர்க்கைக்கு, பள்ளியில் முதல் 6 சதவீதத்துக்குள் இருந்தால் ஆஸ்டினில் தானாக இடம். மகள் 9இல் நிற்கிறாள். 6க்குள் இருப்பவர்களுக்கும் பல்கலையில் இடம்தான் உறுதி, கம்ப்யூட்டர் சயன்ஸ் உறுதியில்லை.

பர்டூ தம்பி எழுதியதைப் படித்த பிறகு, நேற்று எதுவும் கேட்காமல் இருந்தேன். இரவு பதினொரு மணிக்கு அவளே வந்து, மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலை மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எடிசன் அம்மா | 24 ஜனவரி 2025, இரவு 8:30

ஆறு விண்ணப்பமும் ஜனவரி 1க்குள் போனது. இரண்டில் மழைமானியைப் பற்றியே எழுதினான். நேற்று கடிதமும் போனது. என்னிடம் ஒருமுறை படித்துக் காட்டினான். அக்டோபரில் 31 நாளும் காலையில் போய் வெறும் குழாயைப் பார்த்துவிட்டு வந்ததில் தொடங்கி, கிணற்று நீர்மட்டம் நவம்பர் மழைக்குப் பிறகும் உடனே ஏறவில்லை, எத்தனை நாள் பிடித்தது என்று எழுதியிருந்தான். ஏன் என்று தனக்கு இன்னும் தெரியவில்லை, அதைத்தான் படிக்க வேண்டும் என்று முடித்திருந்தான். ஒரு இடத்தில் ஆங்கிலம் கொஞ்சம் முரடாக இருந்தது. இவர் திருத்தப் போனார், நான் தடுத்துவிட்டேன்.

மாமனாருக்கு ஸ்கார்பரோ அண்ணை சொன்னபடியே சொன்னோம். “மார்ச்சுலதானே, சரி” என்று வைத்துவிட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

பிளேனோ அப்பா | 17 பிப்ரவரி 2025, மாலை 5:15

ஆஸ்டின் இல்லை என்றாகிவிட்டது. வேறு ஒரு யூ.டி. (டெக்சஸ் பல்கலை) வளாகத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு ஆஸ்டினுக்கு மாறும் கேப் (CAP) என்ற வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அவள் கேட்கும் துறைக்கு அது உறுதி தராது. யூ.டி. டாலஸில் கம்ப்யூட்டர் சயன்ஸ் நேரடியாகக் கிடைத்திருக்கிறது, அங்கேயே போகிறாள். ரிச்சர்ட்சன்தான், வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். விடுதியில் தங்கியே தீருவேன் என்கிறாள், அதில் நானும் அவள் பக்கம்.

எடிசன் அம்மா | 30 மார்ச் 2025, காலை 6:45

எல்லோரும் தனித்தனியாகக் கேட்டிருந்தீர்கள். பதில் வந்துவிட்டது. இல்லை என்றுதான்.

இந்த முறை கீழே ஹாலில் எங்களோடு உட்கார்ந்தே பார்த்தான். படித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். அழுதான், நானும் அழுதேன். கடிதம் நல்ல கடிதம். அதைப் படித்தும் வேண்டாம் என்றார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ரட்கர்ஸ் ஜனவரி கடைசியிலேயே கிடைத்திருந்தது. அங்கே வானிலையியல் இளங்கலை இருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் காலநிலை அலுவலகமும் அந்தப் பல்கலையில்தான். அந்த வறட்சிக் கணக்கையெல்லாம் வெளியிட்டது அவர்கள்தான். போன சனிக்கிழமை அவனே பேருந்து பிடித்துப் போய் ஒரு பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தான், கிணற்று நோட்டை எடுத்துக்கொண்டு. இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். வேறு இரண்டு இடமும் கிடைத்திருக்கிறது, கட்டணம் எட்டவில்லை. ரட்கர்ஸுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறான், முன்பணம் இன்னும் கட்டவில்லை.

பொள்ளாச்சி அண்ணா, இ.டி.2 போட்டிருந்தால் என்று இவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொள்ளாச்சிக்காரர் | 30 மார்ச், காலை 9:10

சகோதரி, பையன் தானே பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அது போதுமுங்க. என் பையன் காலேஜ் போயும் முதல் வருசம் எல்லாத்துக்கும் எனக்குத்தான் போன் பண்ணினான். உங்க பையனுக்கு என் ஆசிர்வாதம்.

சான் ஹோசே அம்மா | 2 ஏப்ரல் 2025, இரவு 11:05

இழை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். மகளுக்கு ஏர்லியில் டெஃபர், இப்போது வெயிட்லிஸ்ட். இரண்டும் ஒன்றா? மே 1க்குள் வேறு கல்லூரிக்குப் பணம் கட்டினால் வெயிட்லிஸ்ட்டிலிருந்து பெயர் போய்விடுமா?

கவுன்சிலர் அக்கா | 3 ஏப்ரல், காலை 8:20

ஒன்றில்லை அம்மா. டெஃபர் என்றால் ரெகுலரில் மறுபடி பார்ப்போம் என்பது. வெயிட்லிஸ்ட் என்றால் பார்த்தாயிற்று, சேர்கிறவர்கள் குறைந்தால் மட்டும் கூப்பிடுவோம் என்பது. அது பெரும்பாலும் மே 1க்குப் பிறகுதான் அசையும், ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருக்காது. பட்டியலில் இருக்க விருப்பம் என்று போர்ட்டலில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெயர் இருக்காது.

பணம் கட்டினால் பெயர் போகாது. கிடைத்த கல்லூரிகளில் அவளுக்குப் பிடித்த ஒன்றுக்கு மே 1க்குள் கட்டாயம் கட்டிவிடுங்கள், ஒன்றே ஒன்றுக்கு. பின்னால் வெயிட்லிஸ்ட்டில் கூப்பிட்டு அவள் போனால் கட்டிய முன்பணம் திரும்ப வராது. முதலில் எந்தக் கல்லூரிகள் கிடைத்திருக்கின்றன என்று எழுதுங்கள், பார்ப்போம்.